புதுப்பிப்பு: ஃப்ரீபிஎஸ்டியில் ஓடாத நிறுத்த ஸ்கிரிப்ட் இப்போது ஓடுகிறது

போன வாரம் கேட்டது இதுதான்: ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளத்தில் நான் எழுதிய தரவுச் சேகரிப்பு நிரலைக் கையால் நிறுத்தினால், நினைவகத்தில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டு ஒழுங்காக முடிகிறது. கணினியையே அணைத்தால் எதையும் எழுதுவதில்லை.

கோப்பு அனுமதியில்தான் கோளாறு என்று இரண்டு நாள் வீணாக்கினேன். உண்மையில் நிரலை நிறுத்தும் ஸ்கிரிப்ட் அழைக்கப்படவே இல்லை. அணைக்கும்போது எல்லா ஆர்சி ஸ்கிரிப்ட்டுகளும் (சேவைகளைத் தொடங்கி நிறுத்துபவை) ஓடுவதில்லை. ஸ்கிரிப்ட் கோப்பின் தொடக்கத்தில் உள்ள 'கீவேர்ட்' கருத்து வரியில் 'ஷட்டவுன்' என்ற சொல் இருப்பவை மட்டுமே, தொடக்க வரிசைக்குத் தலைகீழாக ஓடுகின்றன. கருத்து வரிதானே என்று நான் அலட்சியமாக விட்ட வரி அது!

அதைச் சேர்த்த பிறகும் பாதி நேரம் வேலை செய்யவில்லை. காரணம் என் விரல் பழக்கம். 'ரீபூட்' கட்டளை (என்னிடம் இருப்பது 13ஆம் பதிப்பு) இந்த ஸ்கிரிப்ட்டுகளைத் தொடாமல் நேராகச் செயல்முறைகளைக் கொல்கிறது. 'ஷட்டவுன்' கட்டளைக்கு ஆர் (மறுதொடக்கம்) விருப்பத்தைக் கொடுத்தால்தான் முறைப்படி நடக்கிறது.

கடைசியாக நேரம். என் நிரல் எழுதி முடிக்க இரண்டரை நிமிடம் ஆகும். ஸ்கிரிப்ட்டுகள் முடிய ஆர்சி இயல்பாகத் தரும் கெடு 90 விநாடி. அதை 180 ஆக்கியும் 120இல் அறுந்தது. இனிட்டுக்கு (கணினியின் முதல் செயல்முறை) தனியாக ஒரு கெடு கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அமைப்பில் இருக்கிறது, இயல்பாக 120 விநாடி. அதையும் உயர்த்தினேன். நேற்று நான்கு முறை அணைத்துப் பார்த்தேன், நான்கு முறையும் தரவு முழுதாக இருந்தது.