மழைக்காலத்தில் மெழுகு போட்ட செயின்

குழு: தாத்தா வீட்டுத் திண்ணை

தீபா: (படம்) அண்ணா, இதைக் கொஞ்சம் பாரேன். நேற்று ராத்திரி தரமணியிலிருந்து மழையில் நனைந்துகொண்டே வந்து, சைக்கிளை அப்படியே நிறுத்திவிட்டேன். காலையில் பார்த்தால் செயின் முழுக்கக் காவி நிறம். எண்ணெய்க்குப் பதிலாக மெழுகு போட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

செல்வம் மாமா: செயினுக்கு மெழுகா? கரண்ட் போனால் ஏற்றவா? 😄

மீனா சித்தி: செயின் கிடக்கட்டும். நீ தலையைத் துவட்டினாயா?

தீபா: துவட்டினேன் அம்மா 🙏

நான்: தீபா, பயப்படாதே. அது மேல்துரு. துணியால் அழுத்தித் துடைத்தால் பெரும்பாலும் போய்விடும். மெழுகு காய்ந்த சாலைக்குத்தான் ராஜா. ஒட்டும் பிசுக்கு இல்லை, அதனால் தூசி படிவதில்லை, கையில் கறுப்பு ஆகாது. ஆனால் வெளித்தகட்டில் இருக்கும் மெழுகு ஓடும்போதே உதிர்ந்துவிடும். அங்கே மழைத்தண்ணீர் பட்டு ராத்திரி முழுக்க நின்றால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

செல்வம் மாமா: இதற்குத்தான் எண்ணெய் என்று ஒன்று இருக்கிறது மாப்பிள்ளை. என் சைக்கிளுக்கு எப்போதாவது நாலு சொட்டு விடுவதோடு சரி. தஞ்சாவூர் மழையெல்லாம் பார்த்த வண்டி.

நான்: உங்கள் வண்டிக்கு முழு செயின் கவர் இருக்கிறது மாமா. மண்ணும் தண்ணீரும் உள்ளே அதிகம் போகாது. கியரும் கிடையாது, செயினும் தடிமன். தீபாவுடையது திறந்த செயின். வேளச்சேரி சாலை மண்ணோடு எண்ணெய் சேர்ந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்க்கிற மாதிரி உள்ளே அரைத்துக்கொண்டே இருக்கும்.

செல்வம் மாமா: துடைக்காமல் விட்டால் அரைக்கும். விட்ட எண்ணெயை யாராவது துடைக்கிறார்களா? ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு, பெடலைப் பின்பக்கமாகச் சுற்று, கொஞ்ச நேரம் ஊற விடு, அப்புறம் பழைய பனியன் துணியால் வெளியே ஈரமே தெரியாத அளவுக்குத் துடை. வெளியே பளபளக்கிற எண்ணெய் தூசி பிடிக்கத்தான் உதவும்.

நான்: இதில் மாமா சொல்வதுதான் சரி 👍

அம்மா: தீபா, அந்தப் பழைய ரைஸ் குக்கரை இதற்காகத்தான் கேட்டு வாங்கிப் போனாயா?

தீபா: ஆமாம் பெரியம்மா 🙈 பாரஃபின் மெழுகை அதில்தான் உருக்கினேன்.

அம்மா: சரி, அது இனி உனக்கே இருக்கட்டும். இங்கே திரும்பி வர வேண்டாம்.

நான்: குக்கரில் செய்தது நல்லதுதான். மெழுகு சுமார் 60 டிகிரியிலேயே உருகிவிடும். பாத்திரத்தில் போட்டு நேராக அடுப்பில் வைத்தால் சூடு ஏறி ஆவி தீப்பிடிக்கும், அந்தத் தீயில் தண்ணீரும் ஊற்றக் கூடாது. ஒன்று கேட்கிறேன், போடுவதற்கு முன்னால் பழைய எண்ணெயை முழுக்க எடுத்தாயா?

தீபா: தின்னரில் அலசினேன். மூன்றாவது தடவை தெளிவாக வந்தது. மெழுகில் போட்டதும் குமிழ் குமிழாக வந்தது, அது நின்ற பிறகுதான் வெளியே எடுத்தேன். ஆறியதும் செயின் குச்சி மாதிரி விறைத்துவிட்டது! ஒவ்வொரு கண்ணியாக மடக்கி மடக்கித்தான் இளக்கினேன், தரையெல்லாம் வெள்ளைத் தூள்.

நான்: அப்படியானால் சரியாகத்தான் செய்திருக்கிறாய். கெடுத்தது மழை மட்டும்தான். காய்ந்த சாலையில் சுமார் 300 கிலோமீட்டர் தாங்கும். நல்ல மழையில் ஒரே நாளில் மறுபடி குக்கரை ஏற்ற வேண்டியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வேலைக்குப் போகிறவளுக்கு அது முடிகிற காரியமா? இப்போதைக்கு எண்ணெய்க்கு மாறிவிடு. தை பிறந்ததும் மெழுகுக்குத் திரும்பலாம்.

தீபா: மெழுகை முழுக்க எடுக்க வேண்டுமா?

நான்: வேண்டாம். செயினைக் கழற்றிக் கொதிக்கிற தண்ணீரை ஊற்று, முக்கால்வாசி போய்விடும். நன்றாகக் காயவைத்து எண்ணெய் விட்டால் போதும். தையில் திரும்பும்போதுதான் வேலை, அப்போது மறுபடி தின்னர் குளியல். எண்ணெய் கொஞ்சம் மிஞ்சினாலும் மெழுகு பிடிக்காது.

செல்வம் மாமா: அதையெல்லாம் விடு கண்ணு, முதலில் செயின் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அளந்து பார். டேப்பை ஒரு பின்னின் நடுவில் வைத்து 24 கண்ணி எண்ணு. புதுச் செயினில் சரியாக 12 இன்ச் வரும். எட்டு நூல் ஒரு இன்ச். அரை நூல் கூடியிருந்தால் செயினை மாற்று. ஒரு நூல் என்றால் பின்சக்கரப் பல்லும் போயிருக்கும்.

தீபா: இரும்பு நீளுமா மாமா?

செல்வம் மாமா: இரும்பு எங்கே நீளும்? பின்னும் அது சுழல்கிற இடமும் தேயும். ஒவ்வொரு மூட்டிலும் மயிரிழை இடைவெளி. நூறு மூட்டுக்கு மேல் இருக்கிறதே, கூட்டிப் பார்.

தீபா: அளந்துவிட்டேன். 12க்கு மேல் கால் நூல்கூட இல்லை.

செல்வம் மாமா: செயின் நன்றாகத்தான் இருக்கிறது. துடைத்துவிட்டு ஓட்டு.

தீபா: வீட்டில் தையல் மிஷின் எண்ணெய்தான் இருக்கிறது, விடலாமா? இல்லை, தேங்காய் எண்ணெய்?

நான்: தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம், பிசினாகிவிடும். மிஷின் எண்ணெய் ரொம்ப மெல்லியது, சீக்கிரம் வழிந்து போகும். இன்று ஒரு நாள் ஆபீஸ் போய்வர அது போதும். சாயந்தரம் சைக்கிள் கடையில் மழைக்கான செயின் ஆயில் கேட்டு வாங்கு, கொஞ்சம் கெட்டியாக இருக்கும்.

தீபா: சரி அண்ணா. பெரியம்மா, உங்களிடம் பழைய பனியன் ஏதாவது இருக்கிறதா?