அப்பாவின் 555 புத்தகங்களை மாஸ்டர் ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா?

பகாவ் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். நான் மலேசியாவில் பகாவ் பக்கத்தில் ஒரு செம்பனை (பாமாயில் மரம்) தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். போன வருடம் உயிரியலில் பட்டம் முடித்தேன். இப்போது ஆய்வு வழியில் மாஸ்டர் செய்ய இடம் கிடைத்திருக்கிறது. மேற்பார்வையாளர் தரும் தலைப்பு இது: வறண்ட நாட்களில் செம்பனையின் இலைத்துளைகள் (காற்றும் நீராவியும் போய்வரும் நுண்துளைகள்) எத்தனை மணிக்கு மூடிக்கொள்கின்றன, அதனால் மரம் எவ்வளவு உணவு உற்பத்தியை இழக்கிறது. குருத்திலிருந்து எண்ணி 17-ஆம் மட்டையில் கருவியை மாட்டி, காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் வரை அளக்க வேண்டும்.

நல்ல தலைப்புதான், குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் என் மனதில் இருக்கும் கேள்வி வேறு.

எங்கள் அப்பா இருபது வருடத்துக்கு மேலாகக் குலை வெட்டுகிறார். சம்பளக் கணக்கில் தகராறு வரக் கூடாது என்று அன்றன்றைக்கு எத்தனை குலை வெட்டினார் என்பதை 555 என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைப்பார். 2009-இலிருந்து உள்ளவை ஒரு பிஸ்கட் டின்னில் பத்திரமாக இருக்கின்றன, மொத்தம் 31 புத்தகம். ஒரு பக்கம் இப்படி இருக்கும்: “12/3 – 94. 13/3 – 88. 14/3 மழை. 15/3 – 101.” சில எண்களுக்குக் கீழே ஒரு சின்னக் கோடு இருக்கிறது. ஏனென்று தெரியவில்லை.

2016-இல் எண்கள் சரிகின்றன. 94 இருந்த இடத்தில் 50, 47. அப்பாவிடம் கேட்டேன். “வெயில்ல காஞ்ச மரம் ஆண் பூவாத் தள்ளிடுச்சு, அப்புறம் குலை எங்கிருந்து வரும்?” என்றார்.

ஆண் பூ எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். விரிந்தால் சோம்பு வாசம் வரும். பள்ளி விட்டு நடந்து வரும்போது எந்த மரத்தில் பூத்திருக்கிறது என்று வாசத்தை வைத்தே சொல்லிவிடுவேன். கிட்டப் போனால் அரிசியைவிடச் சிறிய பழுப்பு வண்டுகள் மொய்த்துக்கொண்டிருக்கும். மரம் ஏன் பெண்ணை விட்டுவிட்டு ஆணாகப் பூக்கிறது, அப்போது வண்டுக்கு என்ன ஆகிறது, இதைத்தான் நான் ஆராய ஆசைப்படுகிறேன்.

இரண்டு கேள்விகள். கொடுத்த தலைப்பை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கலாமா? அப்பாவின் கணக்கை ஆய்வுத் தரவு என்று யாராவது ஏற்றுக்கொள்வார்களா? இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.

ஓய்வுபெற்ற தண்டல் (தோட்டக் கங்காணி):

மகளே, உன் இரண்டு கேள்விக்கும் பதில் சொல்லும் படிப்பு எனக்கு இல்லை. வண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அது வருவதற்கு முந்திய காலத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

நான் 1978-இல் வேலைக்குச் சேர்ந்தபோது அந்த வண்டு நம் நாட்டிலேயே கிடையாது. காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்ததும் பெண்கள் ஒரு கூட்டமாகப் போவார்கள். ஆண் பூவிலிருந்து சேர்த்த மகரந்தப் பொடியை டால்கம் பவுடரோடு கலந்து, மட்டை இடுக்கில் கையை விட்டு, பெண் பூ மேல் பீச்சி அடிக்க வேண்டும். அந்த இடுக்கெல்லாம் முள். என் மனைவி அந்த வேலைதான் செய்தார். முழங்கை வரை கீறல் ஆறாமலே இருக்கும். இரண்டு நாள் தவறினால் பூ முற்றிவிடும், பிறகு அடித்தும் பயனில்லை.

செம்பனைக்குக் காற்றுதான் மகரந்தம் சேர்க்கிறது என்று அப்போது பெரிய படிப்பு படித்தவர்களே நம்பினார்கள். லெஸ்லி டேவிட்சன் என்று ஒரு தோட்டக்காரர், நம் நாட்டில் வேலை பார்த்துவிட்டு ஆப்பிரிக்காவின் கேமரூனுக்குப் போனவர், அங்கே பூவெல்லாம் வண்டு மொய்ப்பதைப் பார்த்திருக்கிறார். நம் பக்கம் கையால் செய்ய வேண்டியிருக்கிறதே, இங்கே எப்படித் தானாகக் காய்க்கிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. பிறகு ரஹ்மான் சையது என்ற பூச்சியியல் அறிஞர் அங்கே போய் ஆராய்ந்து, வேலையைச் செய்வது வண்டுதான் என்று நிரூபித்தார். 1981-இல் அதைக் கொண்டுவந்து ஜொகூரில் விட்டார்கள். கொஞ்ச காலத்தில் எங்கள் தோட்டத்திலும் வந்துவிட்டது. பீச்சி அடிக்கும் வேலை நின்றது. என் மனைவி உதிரிப்பழம் பொறுக்கப் போனார்.

தோட்டத்தில் வேலை செய்த ஒருவர் கண்ணில் பட்டதுதான் அந்த ஆராய்ச்சிக்கு விதை. நீயும் தோட்டத்துப் பிள்ளை, அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

இலைத்துளை அக்கா:

தங்கச்சி, உன் பதிவை இரண்டு தடவை படித்தேன். நான் செடி உடலியலில் முனைவர் பட்டம் முடித்தவள். என் அம்மா பால்மரம் (ரப்பர்) வெட்டிப் பால் எடுத்தவர். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்று. நீ இரண்டு தலைப்பு என்று நினைக்கிறாய். எனக்கு ஒன்றுதான் தெரிகிறது.

செம்பனையில் ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பூங்கொத்து. அது ஆணா பெண்ணா என்பது விரிவதற்கு ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு முன்பே, குருத்துக்குள் இருக்கும்போதே தீர்மானமாகிவிடுகிறது. மரத்தின் கையில் சர்க்கரை குறைந்தால் ஆண் பக்கம் சாய்கிறது. பெண் குலையைச் சுமந்து பழுக்க வைக்க மரத்துக்கு ஆகும் செலவு பெரிது, ஆண் பூவுக்கு ஆவது அதில் கொஞ்சம்தான். அப்பாவிடம் கேட்டுப் பார், மட்டையை அளவுக்கு மீறிக் கழித்த மரம் என்ன பூக்கும் என்று. அவருக்குத் தெரிந்திருக்கும்.

சரி, சர்க்கரை ஏன் குறைகிறது? மத்தியானம் காற்று காய்ந்தால் இலைத்துளை மூடுகிறது, கரியமில வாயு உள்ளே போவதில்லை, இலை பட்டினி கிடக்கிறது. உன் மேற்பார்வையாளர் 17-ஆம் மட்டையில் அளக்கச் சொல்வது இந்தப் பட்டினியைத்தான். நீ கேட்பது பட்டினி கிடந்த மரம் இரண்டு வருடம் கழித்து என்ன செய்கிறது என்று. ஒரே கயிற்றின் இரண்டு முனை. மாஸ்டருக்கு உள்ள இரண்டு வருடத்தில் மறுமுனையை நேரில் பார்க்க முடியாது. அந்த முனை உன் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது.

அடுத்து அந்தப் புத்தகங்கள். அவை தரவுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எந்தத் தரவையும் கேட்கிற கேள்விகளை அப்பாவின் கணக்கிடமும் கேட்க வேண்டும். அவர் எழுதியது என்பதற்காக விட்டுவிடாதே.

2016 சரிவையே எடுத்துக்கொள். மகரந்தம் சேர்ந்து குலை பழுக்க ஐந்தரை, ஆறு மாதம் ஆகும். வறட்சி கடுமையானால், ஏற்கனவே பெண் என்று தீர்மானமான பூங்கொத்துகளே வளராமல் கருகிப்போவதும் உண்டு. எனவே 2015-16 எல் நினோ வெயிலில் காய்ந்த மரம் 2016-இலேயே குலையைக் குறைத்திருந்தால், அதில் பெரும்பங்கு கருகல். ஆண் பூவாக மாறியதன் விளைவு பிறகுதான் தெரியும். அப்படியென்றால் அப்பா சொன்னது தப்பா? அவசரப்படாதே. 2014 பிப்ரவரி, மார்ச்சில் நெகிரி செம்பிலானில் தண்ணீர்ப் பஞ்சம் வந்ததே, நினைவிருக்கிறதா? அந்த வறட்சியில் ஆணாகத் தீர்மானமான பூக்கள் 2016-இல்தான் விரிந்திருக்கும். அப்பா அவற்றைக் கண்ணால் பார்த்திருக்கலாம். ஒரு வறட்சியின் கருகலும் முந்திய வறட்சியின் ஆண் பூவும் ஒரே வருடத்தில் சேர்ந்து விழுந்திருக்கலாம். இதைப் பிரித்துக் காட்டினால் அதுவே நல்ல அத்தியாயம். நாட்டின் மொத்த பாமாயில் உற்பத்தி 2015-இல் ஏறத்தாழ 1 கோடியே 99 லட்சம் டன், 2016-இல் 1 கோடியே 73 லட்சம் டன். உன் அப்பாவின் 50-உம் 47-உம் அந்தச் சரிவுக்குள் இருக்கின்றன.

தோட்ட ஆபீஸில் தினமும் மழை அளந்து எழுதுவார்கள். அந்தப் பதிவு கிடைத்தால் குலைக் கணக்கோடு வைத்துப் பார்.

இப்போது எச்சரிக்கை. இது ஒரு மனிதர், ஒரு தோட்டம். ஒரே தோட்டத்தில் 60 மரத்தை அளந்தாலும் தோட்டம் ஒன்றுதான். அதை 60 தனிச் சான்றாக எண்ணுவதற்கு ஹர்ல்பர்ட் என்ற சூழலியல் அறிஞர் 1984-இல் ‘சூடோ ரெப்ளிகேஷன்’ என்று பெயர் வைத்தார். வாய்மொழித் தேர்வில் நிச்சயம் கேட்பார்கள். என்னைக் கேட்டார்கள், எனக்குப் பதில் வரவில்லை, ஆறு மாதம் கூடுதலாக அளக்க வேண்டியதாயிற்று. அதனால் புத்தகங்களை முடிவாக வைக்காதே, கேள்வியை எழுப்பும் அத்தியாயமாக வை. அளவீட்டை மூன்று, நான்கு தோட்டங்களிலாவது செய்.

வண்டை முனைவர் பட்டத்துக்கு எடுத்து வை. அது முட்டையிடுவது ஆண் பூவில், குஞ்சு தின்று வளர்வதும் அங்கேதான். பெண் பூ அதே சோம்பு வாசத்தைக் கொஞ்சமாக வீசி வண்டை அழைக்கிறது, பதிலுக்குக் கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. ஆனாலும் வண்டு போகிறது. இந்த ஏமாற்று ஆப்பிரிக்காவில் எப்படிப் பரிணமித்தது, ஆண் பூ குறைந்த இளம் தோட்டங்களில் வண்டு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்பதெல்லாம் இரண்டு வருடத்தில் முடிகிற காரியம் இல்லை.

என் அம்மா விடிவதற்கு முன் மரம் வெட்டப் போவார். “வெயில் ஏறினா பால் நிக்கும்மா” என்பார். பால் குழாய்களுக்குள் அழுத்தம் விடியலுக்கு முன்தான் உச்சத்தில் இருக்கும், பத்து வளிமண்டலத்தை ஒட்டி, அதாவது கார் டயரைப்போல் பல மடங்கு. இலை நீரை இழுக்கத் தொடங்கியதும் அது இறங்கிவிடும். இதை நான் பல்கலைக்கழகத்தில் படித்த அன்று அம்மாவுக்குப் போன் செய்தேன். “அதத்தானே நான் சொன்னேன்” என்றார்.

செரம்பான் வாசகர்:

அக்கா சொன்னதற்கு மேல் அறிவியல் எனக்குத் தெரியாது. ஆனால் பணத்தைப் பற்றி யாருமே பேசவில்லை.

ஆய்வு உதவித்தொகை பெரும்பாலும் மேற்பார்வையாளரின் ஆராய்ச்சி நிதியிலிருந்து வரும். அந்த நிதி எந்த மாதம் முடிகிறது என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்கவில்லை. 14-ஆம் மாதம் நின்றுவிட்டது. மீதிக் காலம் முழுக்க டியூஷன் எடுத்துத்தான் ஆய்வேட்டை முடித்தேன். இன்னொன்று, கணக்கு அப்பாவுடையதாக இருந்தாலும் மரம் கம்பெனியுடையது. மேனேஜரிடம் அனுமதிக் கடிதம் வாங்காமல் தோட்டத்தின் பெயரையோ பிளாக் நம்பரையோ எங்கும் போடாதீர்கள். அப்பா இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்.

பகாவ் பிள்ளை:

எல்லாருக்கும் நன்றி. தண்டல் ஐயா, உங்கள் பதிவை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவருடைய அத்தையும் பவுடர் அடித்தவராம், எனக்கு இதுவரை தெரியாது.

நேற்று ராத்திரி டின்னை இறக்கி, அப்பாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு முதல் புத்தகத்திலிருந்து கேட்டேன். 2012 ஜூனில் அவரை வேறு பிளாக்குக்கு மாற்றியிருக்கிறார்கள். அங்கே மரம் உயரம், அதனால் எண்ணிக்கை குறைந்தது. புத்தகத்தில் அது எழுதப்படவில்லை. நான் கேட்காமல் விட்டிருந்தால் அதையும் வறட்சி என்றே எழுதியிருப்பேன்.

அப்புறம் அந்தச் சின்னக் கோடு. அது அம்மா கூட வந்த நாள். அம்மா உதிரிப்பழம் பொறுக்கி, மட்டையை அடுக்கிவிட்டால் அப்பா வெட்டிக்கொண்டே போகலாம், இருபது குலை கூடும். நான் பிறந்த வருடத்தைப் பற்றிக் கேட்டேன், அந்தப் புத்தகம் கறையான் அரித்துப் போய்விட்டதாம். தம்பி பிறந்த 2010-இல் நான்கு மாதத்துக்குக் கோடே இல்லை. அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, “அதுல என் கணக்கும் இருக்கா?” என்று கேட்டார்.

கொடுத்த தலைப்பை ஏற்றுக்கொள்கிறேன் என்று மேற்பார்வையாளருக்கு எழுதிவிட்டேன். புத்தகங்களைப் பற்றியும் எழுதினேன், நிதி முடியும் மாதத்தையும் கேட்டிருக்கிறேன். அக்கா, ஒரே ஒரு சந்தேகம். கணினி அட்டவணையில் ஏற்றும்போது அம்மா வந்த நாட்களைத் தனி நிரலில் போட வேண்டுமா, இல்லை அந்த நாட்களை நீக்கிவிடலாமா?

இலைத்துளை அக்கா:

நீக்காதே. தனி நிரல். வந்த நாள் 1, வராத நாள் 0. பிளாக் மாறியதற்கு இன்னொரு நிரல், மழைக்கு இன்னொன்று. தட்டச்சு செய்யும் முன் 31 புத்தகத்தையும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடத்தில் சேமித்து வை. பென்சிலில் எழுதியதை முதலில் எடு, அது மங்கும்.