மழைநீர் வடிகாலும் நம் பிள்ளைகளும்: உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மடிப்பாக்கம் அம்மா:
போன ஐப்பசியில் நடந்தது, இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. மழைக்கு முன்னால் எங்கள் தெரு வடிகாலைத் தூர் வாரினார்கள். வாரிய சேற்றை அள்ளிப் போகாமல் ஓரத்திலேயே குவித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் நல்ல மழை. நானும் இரண்டாம் வகுப்பு படிக்கும் மகளும் வாசலில் நின்று பார்க்கிறோம், அந்தக் கறுப்புச் சேறு, பால் கவரும் ஷாம்பு பாக்கெட்டுமாகக் கரைந்து, கம்பி மூடி வழியே மறுபடி உள்ளேயே இறங்குகிறது. "திரும்பப் போடத்தான் எடுத்தாங்களாம்மா?" என்றாள். மிட்டாய்க் காகிதத்தைத் தெருவில் போடாதே, அது பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேரும் என்று அவளுக்குச் சொல்லி வைத்தவள் நான்தான். பதில் வரவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால், மிச்சச் சேற்றைக் கொட்டாங்கச்சியால் அள்ளிக்கொண்டிருக்கிறாள்.

வடசென்னை டீச்சர்:
ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைத் தெருவுக்கே கூட்டிப் போய், "இந்தத் தண்ணி எங்க போகுது?" என்று கேட்டேன். "சுத்தம் பண்ற இடத்துக்கு" என்றார்கள். அங்கேதான் எல்லாரும் ஏமாறுகிறோம். கழிவுநீர்தான் தனிக் குழாயில் கொடுங்கையூர் மாதிரி சுத்திகரிப்பு நிலையங்களுக்குப் போகும். மழைநீர் வடிகால் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்துக்கும் போகாது. கால்வாய், அப்புறம் கடல், அவ்வளவுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூரில் எண்ணெய் பரவியதைப் பார்த்த பிள்ளைகள், உடனே புரிந்துகொண்டார்கள்.

நான் செய்த தப்பு அடுத்தது. "யார் வீட்ல ஆயில் கொட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். எல்லாத் தலையும் ஒரே பையன் பக்கம் திரும்பியது. அவன் அப்பா டூவீலர் மெக்கானிக். அவன் முகம் சுருங்கியது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. "ஆயில டிரம்லதான் மிஸ் பிடிப்போம். செயின் கழுவுற டீசல்தான் ஓடும்" என்றான். எனக்கே தெரியாத விஷயம் அது. மறு வாரம் அவனே மரக்கடையிலிருந்து ஒரு பை மரத்தூள் வாங்கி, வண்டிக்கு அடியில் பரப்பி வைத்திருந்தான். டீசலை அது உறிஞ்சிக்கொள்கிறது.

வேளச்சேரிக்காரன்:
டீச்சர், தப்பாக நினைக்காதீர்கள். பிள்ளைகள் தலையில் இதை ஏற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்து அடுக்குமாடியில் ராத்திரி பதினோரு மணிக்கு மோட்டார் போட்டு, கழிவுநீர்த் தொட்டியையே ஹோஸ் வழியாக வடிகாலில் இறக்கினார்கள். என் மகன் பார்த்துவிட்டு, "போய்ச் சொல்லலாம்ப்பா" என்றான். நான் அவன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு அவனிடம் பிஸ்கட் கவரைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஓய்வுபெற்ற செவிலியர்:
முதல் பதிவைப் படித்ததும் பதறிவிட்டேன். அம்மா, வடிகால் சேற்றில் குழந்தையைக் கை வைக்க விடவே விடாதீர்கள். எலி மூத்திரம் கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் வரும். காலில் சின்னக் கீறல் போதும். பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள், ஆனால் மேலே மட்டும், சேற்றைத் தொடாமல். மழைக்கு முன்னால் மூடிமேல் கிடக்கும் இலையை நீளக் குச்சியால் ஒதுக்கட்டும், செருப்போடு. கார் கழுவினால் சோப்பு நுரை தெருவில் ஓடாமல் மண் தரையில் கழுவச் சொல்லட்டும். வடை சுட்ட எண்ணெயை வீட்டில் பாட்டிலில் சேர்க்கட்டும். நாய் வைத்திருப்பவர்கள் அதன் மலத்தைக் காகிதத்தில் எடுக்கட்டும், மழையில் அதுவும் கரைந்து போகும். வீடு கட்டுகிற இடத்தில் மணலைத் தெருவில் கொட்டினால், தார்ப்பாய் போட்டு மூடச் சொல்லலாம். வடிகாலைப் பாதி அடைப்பது அந்த மணல்தான். வேளச்சேரி தம்பி, அந்த ராத்திரியே போகாவிட்டாலும் மறுநாள் சென்னை மாநகராட்சி புகார் எண் 1913-க்குப் பேசியிருக்கலாம். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேசுங்கள். என் கதை சின்னது: பேத்தி ஒருநாள், நான் பெயிண்ட் பிரஷ் கழுவிய தண்ணீரைத் தெருவில் ஊற்றப் போனபோது வாளியைப் பிடித்துக்கொண்டாள்.

வேளச்சேரிக்காரன்:
நேற்று மறுபடி மோட்டார் சத்தம். மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பேசினேன். புகார் எண்ணை அவன்தான் நோட்டில் எழுதினான்.

மடிப்பாக்கம் அம்மா:
நன்றி அக்கா, கொட்டாங்கச்சியை வாங்கி வைத்துவிட்டேன். குச்சி கொடுத்திருக்கிறேன். ஏழு வயசுக் கைக்குச் சரியாக ரப்பர் கையுறை எங்கே கிடைக்கும்?