புதுப்பிப்பு: ப்ரெட்செல் வெளுத்துப்போன பிரச்சினை தீர்ந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மைதா மாவில் செய்த ப்ரெட்செல் (முடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும் ஜெர்மன் ரொட்டி) மெத்தென்று வந்தாலும், ஜெர்மன் பேக்கரிகளில் கிடைக்கிற அந்தக் கரும்பழுப்பு நிறம் வரவில்லை, வெறும் பன் மாதிரி இருக்கிறது என்று கேட்டிருந்தேன்.

முட்டை தடவியதில் பளபளப்பு வந்தது, ருசி மாறவில்லை. கைகொடுத்தது, சமையல் சோடாவை முதலில் ஓவனில் சுடச் சொன்ன அக்காவின் யோசனைதான். தட்டில் பரப்பி 120 டிகிரியில் ஒரு மணி நேரம். சோடியம் பைகார்பனேட் நீராவியையும் கரியமில வாயுவையும் விட்டுவிட்டு, காரத்தன்மை கூடிய சோடியம் கார்பனேட்டாகிவிடுகிறது. 100 கிராம் போட்டால் 63 கிராம்தான் மிஞ்சும், பயப்பட வேண்டாம்.

அதில் 50 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கொதிக்கும்போது பேக் செய்யாத ஒவ்வொரு ப்ரெட்செல்லையும் அரை நிமிடம் முக்கி எடுத்தேன். வெறும் கையை விடாதீர்கள், தோல் எரியும். அப்புறம் 220 டிகிரியில் பேக் செய்ததும் நல்ல சிவப்பேறிய பழுப்பு, அந்தத் தனி வாசனையோடு.

எதிர்பாராதது: அலுமினியத் தட்டு கறுத்துவிட்டது, அதனால் எவர்சில்வரே நல்லது. இன்னொன்று, மிஞ்சியதை டப்பாவில் மூடிவைத்தால் மேலே தூவிய கல்லுப்பு கசிந்து தோல் சொதசொதவென்று ஆகிவிடும். அன்றே தின்றுவிடுங்கள்.