‘பாட்டா வீடு’ குழுவில் வில் வந்த கதை

செவ்வாய்

திருவட்டாறு ஆச்சி: [செம்பருத்திப் பூ படம்]

பெரிய மாமா: அனைவருக்கும் வணக்கம். முழுவதும் படித்துவிட்டுப் பதில் எழுதவும். நம் வாசகசாலையின் ஓணக் கலைவிழா வருகிற சனிக்கிழமை மாலை 5 மணிக்குப் பள்ளி மைதானத்தில். வழக்கம்போல் டிக்கெட் கிடையாது, வந்தவர் எல்லாரும் உட்காரலாம். முதலில் பிள்ளைகளின் களியல் கோலாட்டம், அடுத்து அனுவின் பாட்டு, பிறகு அடிமுறைச் சண்டைக்கலை, செண்டை மேளம், கடைசியில் வில்லிசை. வில்லிசைக்கு வருகிற அண்ணாவி நம் அப்பாவுக்கு இடப்பக்கம் இருந்து பாடிப் பழகியவர். எழுபதைத் தாண்டிவிட்டார். நேற்று வீட்டுக்கு வந்து, சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஒரே ஒரு விருப்பம் சொன்னார். வில்லுப்பாட்டில் காப்பு, வருபொருள் உரைத்தல், குருவடி, அவையடக்கம் என்று வரிசை உண்டு. குருவை வணங்கும் குருவடியில் அப்பாவின் பெயரைச் சொல்லாமல் அவர் இன்றுவரை மேடையில் வாய் திறந்ததில்லை. இந்த முறை அதை அப்பாவின் வில்லிலேயே பாட வேண்டும் என்கிறார். ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் வில் ஊர் வந்து சேர வேண்டும். அது யாரிடம் இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குமார் அத்தான்: சனிக்கிழமை என்பது மட்டும் கண்ணில் பட்டது

மஸ்கட் பிரவீன்: நான் முழுவதும் படித்தேன் மாமா. கடைசி வரியை இரண்டு முறை படித்தேன்.

அம்மா: அந்தக் கடைசி வரி எதற்கு அண்ணன்

பெரிய மாமா: உள்ளதைத்தானே எழுதினேன்.

பாறசாலை சின்னம்மை: தொடங்கிவிட்டது

ஜெயா: சின்ன மாமா படித்துவிட்டார். நீலக் கோடு விழுந்துவிட்டது.

குமார் அத்தான்: அப்பா, மேடைக்கு எத்தனை மைக்? போன வருடம் போல நாலு என்று சொல்லிவிட்டு ஒன்பது கேட்கக் கூடாது

பெரிய மாமா: வில்லிசைக்கே ஐந்து வேண்டும். வலப்பக்கம் பாடுபவர், இடப்பக்கம் பாடுபவர், குடம், உடுக்கை, ஜால்ரா. குடத்துக்கு மைக்கைத் தாழ்த்தி வைக்க வேண்டும். கமுகம்பாளைப் பத்தியால் குடத்தின் வாயில் தட்டும்போது எழும் கும் என்ற ஒலிதான் வில்லுப்பாட்டின் உயிர். போன வருடம் அது கேட்கவே இல்லை.

குமார் அத்தான்: போன வருடம் பணமும் வரவில்லை

மாமி: குமாரே, குழுவில் வேண்டாம்.

சின்ன மாமா: வில் பத்திரமாக இருக்கிறது. தினமும் தூசி தட்டுகிறேன்.

மாமி: வரவேற்பறையில், சோபாவுக்கு மேலே. போன ஓணத்துக்கு வந்தபோது பார்த்தேன் தம்பி. ஒரு நுனியில் தொப்பி தொங்கியது.

அனு: அது என் தொப்பி பெரியம்மா. எடுத்துவிட்டேன்.

பெரிய மாமா: அறுபது வருடம் கோயில் கொடை விழாக்களில் பாடிய வில் அது.

சின்ன மாமா: அந்த வில் மாட்டுத் தொழுவத்துப் பரணில் விறகோடு கிடந்தது. எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டவன் நான். அன்றைக்கு யாருக்கும் அது அப்பாவின் வில்லாகத் தெரியவில்லை.

பெரிய மாமா: பதினாறாம் நாள் சடங்கு முடிந்த இரவே வேன் மேல் கட்டிக்கொண்டு போனாய். பரணில் எங்கே கிடந்தது?

சின்ன மாமா: அப்பா படுத்த நாளிலிருந்து பரணில்தான் கிடந்தது. நீங்கள் தொழுவத்துப் பக்கம் வந்தால்தானே தெரியும்.

அம்மா: இரண்டு பேரும் நிறுத்துங்கள். பிள்ளைகள் படிக்கிறார்கள்.

மஸ்கட் பிரவீன்: பிள்ளைகளுக்கு நாற்பது வயது ஆகப்போகிறது அம்மா

திருவட்டாறு ஆச்சி: [குரல் செய்தி]

ஜெயா: ஆச்சி காற்றாடியின் கீழ் உட்கார்ந்து பேசியிருக்கிறார். ‘வில்’ என்பது மட்டும் கேட்கிறது. ஆச்சி, காற்றாடியை நிறுத்திவிட்டு ஒரு முறை சொல்லுங்கள்.

பாறசாலை சின்னம்மை: அது இருக்கட்டும், அனு என்ன பாடப் போகிறாள்? தமிழ்ப் பாட்டா, சுவாதித் திருநாள் மகாராஜாவின் கிருதியா?

அனு: எதுவானாலும் சரி அத்தை. பதினைந்து நிமிடம் என்றார் பெரியப்பா. ஆரபி ராகத்தில் ஒன்று நன்றாகப் பாடமாகியிருக்கிறது.

பெரிய மாமா: ஆரபி மிகப் பொருத்தம். திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது நாளும் சுவாதித் திருநாள் கிருதிகள்தான். நாளுக்கு ஒரு ராகம். முதல் நாள் சங்கராபரணம், பிறகு கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. அதற்காக இங்கே பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி அம்மனும், வேளிமலையிலிருந்து முருகனும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் எல்லை தாண்டிப் போகிறார்கள். 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கு தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் அந்த ஊர்வலம் நிற்கவில்லை. இன்னொன்று, அந்த மண்டபத்தில்

பாறசாலை சின்னம்மை: 2006இல் அங்கே முதன்முதலாகப் பாடிய பெண் எங்கள் பாறசாலை பொன்னம்மாள். அதை விட்டுவிட்டீர்கள்.

பெரிய மாமா: அதற்குத்தான் வந்துகொண்டிருந்தேன். கை பட்டுப் பாதியில் போய்விட்டது.

மஸ்கட் பிரவீன்: ‘எங்கள் பாறசாலை’. கல்யாணம் ஆன மறுநாளே கட்சி மாறியவர் சின்னம்மை.

பாறசாலை சின்னம்மை: சாமி எல்லை தாண்டினால் கும்பிடுவீர்கள், நான் தாண்டினால் கட்சி மாறியதா?

அம்மா: அனு, ஒரு காவடிச்சிந்தும் பாடு மக்களே. சாமான்யர்கள் வருகிற இடம்.

அனு: சரி அத்தை. மிருதங்கம் யார்?

குமார் அத்தான்: செண்டைக்காரப் பையன்களில் ஒருவன் வாசிப்பான்

அனு: அண்ணா!!

புதன்

திருவட்டாறு ஆச்சி: [விளக்குப் படம்]

குமார் அத்தான்: ஒரு சேதி. ஓணத்துக்கு மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விட்டார்கள் அல்லவா, அதற்கு ஈடாக இந்தச் சனிக்கிழமை வேலை நாள். பள்ளிக்கூடம் நாலு மணி வரை உண்டு. பந்தல் கால் எப்போது நடுவது?

மாமி: இதை இப்போதுதான் பார்க்கிறாயா

குமார் அத்தான்: நான் ஒலிபெருக்கிக்காரன். காலண்டர் பார்ப்பது செயலாளர் வேலை

பெரிய மாமா: வெள்ளி இரவே பந்தல் போட்டுவிடலாம். தலைமையாசிரியர் என் மாணவர்தான்.

குமார் அத்தான்: கேட்டாயிற்றா?

பெரிய மாமா: கேட்டால் சம்மதிப்பார்.

ஜெயா: இல்லாவிட்டால் கோயில் ஊட்டுப்புரைக்கு, அந்தச் சாப்பாட்டு மண்டபத்துக்கு மாற்றலாமா? மழை வந்தாலும் கவலை இல்லை.

பெரிய மாமா: கூடாது. மைதானம் என்றால் எல்லாத் தெருவும் வரும். ஊட்டுப்புரை என்றால் பாதிப்பேர் வாசலோடு நின்றுவிடுவார்கள். டிக்கெட் வைக்காததே அதற்காகத்தான்.

குமார் அத்தான்: பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்துவேன். அனுமதிக் கடிதத்தில் அப்படித்தான் இருக்கிறது

பெரிய மாமா: 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது உண்மை. ஆனால் கலை, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்வரை நள்ளிரவு 12 மணிவரை மாநில அரசு தளர்வு தரலாம் என்றும் அதே விதியில் இருக்கிறது.

குமார் அத்தான்: அந்தத் தளர்வை வாங்கி வாருங்கள். விடிய விடியப் போடுகிறேன்

மஸ்கட் பிரவீன்: வில்லிசை 8.45க்கு. காப்பு, வருபொருள், குருவடி, அவையடக்கம், நாட்டு வளம். கதையில் சுடலைமாடன் பிறப்பதற்குள் அத்தான் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்.

அம்மா: அப்பா பாடினால் சுடலை பிறக்கவே நடுச்சாமம் ஆகும். நாங்கள் பாயோடு போய்த் தூங்கி எழுந்து கேட்போம்.

பாறசாலை சின்னம்மை: நீ தூங்கினாய் அக்கா. குடத்துக்கு வைக்கோல் புரிமணை சுற்றிக்கொடுத்தது நான்.

பெரிய மாமா: வில்லிசையைச் சுருக்கிப் பாடுவதில் தவறில்லை. கலைவாணரிடம் இருந்து பழகிய சுப்பு ஆறுமுகம் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் ஏற்றபடி பாடித்தான் சென்னைவரை கொண்டுபோனார். 2021இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள், 2022இல் காலமானார். கொடைக்குப் பாடுவது வேறு, மேடைக்குப் பாடுவது வேறு. கொடையில் சாமி வந்து இறங்க வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும்.

ஜெயா: மாமா, வில்லை யார் கொண்டுவருவது?

அனு: அளந்தேன். ஒன்பதடி நான்கு அங்குலம். லிப்டுக்குள் போகாது. படிக்கட்டில் திரும்பாது.

ஜெயா: மூன்றாம் மாடிக்கு எப்படி ஏறியது?

சின்ன மாமா: பால்கனி வழியாக, கயிறு கட்டி. கீழ்வீட்டுக்காரர் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை.

அனு: [படம்] சுவரிலிருந்து இறக்கிவிட்டோம். பெரியப்பா, வில்லில் கட்டிய மணி ஏழுதான் இருக்கிறது. நாண் இருக்க வேண்டிய இடத்தில் நைலான் கயிறு.

பெரிய மாமா: நைலான் கயிறா?

சின்ன மாமா: தோல் நாணை எலி கடித்துவிட்டது. உங்கள் தொழுவத்து எலி.

பெரிய மாமா: மணி பதினொன்று இருந்தது.

அம்மா: இரண்டு என் பூஜை அறையில் இருக்கிறது. அப்பாவே எடுத்துக் கொடுத்தார். பூஜைக்கு அடிப்பேன்.

பாறசாலை சின்னம்மை: அப்பா உனக்கு மணி கொடுத்தாரா? எனக்கு யாரும் சொல்லவில்லையே. என்னிடம் வில்லை அடிக்கும் வீசுகோல் ஒன்றுதான் இருக்கிறது. பேரன் அதை விக்கெட்டாக நடுகிறான்.

பெரிய மாமா: வீசுகோலை விக்கெட்டாக!

மஸ்கட் பிரவீன்: ஏழும் இரண்டும் ஒன்பது. ஒன்றை ஆட்டுக்குக் கட்டியவன் நான். எனக்கு அப்போது எட்டு வயது.

குமார் அத்தான்: ஆட்டை விற்றபோது மணியோடு விற்றோம். முந்நூறு ரூபாய் கூடக் கிடைத்தது

ஜெயா: அப்படியானால் இன்னும் ஒன்று?

மாமி: குடத்தைப் பற்றி யாரும் கேட்க வேண்டாம். அதில் நான் வெகுநாள் புளி போட்டு வைத்திருந்தேன். உடைந்துவிட்டது.

பெரிய மாமா: குடமும் நாணும் அண்ணாவியே கொண்டுவருவார். மணிகளையும் வீசுகோலையும் வெள்ளிக்கிழமைக்குள் என் வீட்டில் சேருங்கள்.

திருவட்டாறு ஆச்சி: [குரல் செய்தி]

ஜெயா: இது தெளிவாக இருக்கிறது. அப்படியே எழுதுகிறேன். “வில் பெரியவனுடையதும் இல்லை, சின்னவனுடையதும் இல்லை. என் பாம்படத்துக்கென்று அப்பா சேர்த்துவைத்த பணத்தை எடுத்துத்தான் அண்ணனுக்குப் பனை வைரத்தில் வில் செய்தார்கள். நான் மூளிக் காதோடு கல்யாணப் பந்தலில் உட்கார்ந்தேன். எனக்கு முன்வரிசையில் நாற்காலி போடுங்கள். பிளாஸ்டிக் வேண்டாம், இடுப்பு தாங்காது. கைப்பிடி வைத்த மர நாற்காலி.”

அம்மா: அத்தை இதை இத்தனை வருடமாகச் சொன்னதே இல்லை

பாறசாலை சின்னம்மை: நீங்கள் கேட்டதே இல்லை

பெரிய மாமா: அத்தைக்கு நாற்காலி என் வீட்டிலிருந்து போகும்.

சின்ன மாமா: நானே வந்து போடுகிறேன்.

மஸ்கட் பிரவீன்: அண்ணாவிக்குச் சம்பளம் இல்லை, அத்தானுக்கு வாடகை இல்லை, ஆச்சிக்குப் பாம்படம் இல்லை. இலவச விழா என்று நோட்டீஸில் போடுங்கள்.

பெரிய மாமா: இலவசம் பார்ப்பவருக்கு மட்டும்தான். அண்ணாவி வேண்டாம் என்றாலும் வெற்றிலை பாக்கோடு உறை வைத்துக் கொடுப்போம். வரிசைக்கு ஒரு வாளியாக உண்டியல் அனுப்பலாம் என்று செயலாளர் சொன்னார். நான் மறுத்துவிட்டேன். வாளி வருவதைக் கண்டால் பின்வரிசை எழுந்து போய்விடும். கடைக்காரர்களிடம் முன்கூட்டியே வாங்குவதுதான் முறை.

குமார் அத்தான்: போன வருடம் கடைக்காரர்களிடம் வாங்கியது எங்கே போனது?

பெரிய மாமா: பொன்னாடைக்குப் போனது. இந்த வருடம் பொன்னாடை கிடையாது என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

குமார் அத்தான்: ஜெனரேட்டர் டீசல் என் கைக்காசு

மாமி: உன் கைக்காசு இல்லை. தேங்காய் விற்று நான் கொடுத்தது.

மஸ்கட் பிரவீன்: டீசலுக்கு நான் அனுப்புகிறேன் மாமி. மாமாவிடம் கொடுக்க வேண்டாம்.

பெரிய மாமா: படித்துவிட்டேன்.

குமார் அத்தான்: வில்லுக்கு வழி கிடைத்தது. தோவாளையிலிருந்து திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பூ ஏற்றிப் போகிற வண்டி திரும்பும்போது காலி. டிரைவர் தெரிந்தவர். வெள்ளி காலை எட்டு மணிக்குச் சித்தப்பா வீட்டுக் கீழே நிற்பார். பின் கதவைத் திறந்து கட்டினால் ஒன்பதடி படுக்கும்

சின்ன மாமா: வெள்ளிக்கிழமை அலுவலகம். எட்டு மணிக்குள் பால்கனியிலிருந்து இறக்க ஆள் வேண்டும்.

அனு: நான் இருக்கிறேன். கீழ்வீட்டு அங்கிளிடமும் நானே பேசுகிறேன்.

சின்ன மாமா: சரி, அனுப்புகிறேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வில் திரும்பி வந்துவிட வேண்டும்.

பெரிய மாமா: வாசகசாலையில் கண்ணாடிப் பெட்டி செய்து வைக்கலாம் என்று ஒரு பேச்சு இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

சின்ன மாமா: இப்போதே பார்க்கலாம். எந்தப் பெட்டி? யார் பேசியது?

பெரிய மாமா: பெட்டியில் இருந்தால் பத்து பிள்ளைகள் பார்ப்பார்கள். சோபாவுக்கு மேல் யார் பார்ப்பது?

சின்ன மாமா: அப்படியென்றால் அண்ணாவி தம் வில்லிலேயே பாடட்டும்.

அம்மா: தம்பி, அந்த மனிதருக்காக அனுப்பு. பெட்டியை அத்தையிடம் கேட்டு முடிவு செய்யலாம். பணம் அவர்களுடையது.

பாறசாலை சின்னம்மை: அத்தை எனக்குத்தான் கொடுப்பார்கள்

ஜெயா: சின்ன மாமா, வண்டி உண்டா இல்லையா? டிரைவருக்குச் சொல்ல வேண்டும்.

சின்ன மாமா: வண்டி வரட்டும்.

குமார் அத்தான்: அனு, சுற்றிக் கட்டச் சாக்கு இருக்கிறதா? இல்லாவிட்டால் பூக்காரரிடம் ஈரச் சாக்குதான் இருக்கும்

அனு: பழைய கம்பளி இருக்கிறது அண்ணா.

பெரிய மாமா: ஈரம் படக் கூடாது. பனை வைரம் என்றாலும் ஈரம் ஏறினால் நாண் கட்டும் நுனியில்

குமார் அத்தான்: கம்பளி போதும். தலைமையாசிரியரைக் கேட்டீர்களா?