புதுப்பிப்பு: சம்பளத்தோடு பிஎச்டி தேடல்

பொருளறிவியலில் (மெட்டீரியல்ஸ் சயின்ஸ்) சம்பளத்தோடு பிஎச்டி எங்கே தேடுவது என்று முன்பு கேட்டிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி. நீங்கள் சொன்ன, ஐரோப்பிய ஆராய்ச்சி வேலைகளை அறிவிக்கும் யூராக்செஸ் தளம்தான் கை கொடுத்தது. நெதர்லாந்து, சுவீடன், நார்வேயில் பிஎச்டி பெரும்பாலும் ஒரு வேலை. ஸ்காலர்ஷிப் பக்கத்தில் இருக்காது, காலிப் பணியிடங்களில் பார்க்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் நிதி தரும் மேரி கியூரி முனைவர் திட்ட இடங்களில் ஒரு சிக்கல் உண்டு: பணியில் சேருவதற்கு முந்தைய 36 மாதங்களில், சேரப்போகும் நாட்டில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. அங்கேயே இரண்டு வருடம் முதுகலை முடித்த கையோடு விண்ணப்பிப்பவர்கள் இதிலேயே அடிபட்டுப் போவார்கள். கொடுமைதான்.

அப்புறம், பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல். பொதுவாக எழுதியவற்றுக்குச் சத்தமே இல்லை. ஒருவரது கட்டுரையின் மூன்றாவது வரைபடத்தில் வளைவு ஏன் சட்டென்று இறங்குகிறது என்று கேட்டதற்கு மறுநாளே பதில்: "இப்போது நிதி இல்லை, அடுத்த பருவத்தில் ஒரு இடம் அறிவிப்போம்." சரி, காத்திருக்கிறேன்.