வானவில் போவா: ஜொலிப்பு கூண்டில் தொடங்குகிறது (வளர்ப்பவர்கள் சிலர் சேர்ந்து எழுதிய அனுபவப் பகிர்வு)

பிரேசில் வானவில் போவா என்ற பாம்பைப் படமெடுத்தும் அதன் நிறம் வரவில்லை என்றால் எல்லோரும் முதலில் கேமராவைத்தான் சந்தேகிக்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு கூண்டில் இருக்கும். உடலின் ஆரஞ்சும் கருப்பும் தோலில் உள்ள நிறமிகள். அதன்மேல் ஓடும் நீலமும் பச்சையும் ஊதாவும் நிறமி அல்ல. செதிலின் மேல்தோலில் உள்ள மிக நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுப் பிரிவதால் வருபவை. அந்த மேல்தோல் கீறலில்லாமல், மண் ஒட்டாமல், பழைய சட்டைத் துணுக்கு எதுவும் மிஞ்சாமல் இருந்தால்தான் நிறம் பிரியும். அதனால் படத்துக்கான வேலை ஈரப்பதத்திலிருந்தே ஆரம்பிக்கிறது.

வளர்ந்த பிரேசில் போவாவுக்கு 75 முதல் 85 சதவீத ஈரப்பதம் வேண்டும். குட்டிகளுக்கு 85-க்கு மேல் போனாலும் நல்லதே. பிறந்த முதல் சில மாதங்களில் உடலின் நீர் வற்றிப்போவதுதான் குட்டிகளைக் கொல்லும் முக்கியக் காரணங்களில் ஒன்று. இங்கே பலரும் வழுக்கும் இடம் ஒன்று உண்டு: ஈரப்பதம் வேறு, ஈரம் வேறு. காற்று கனமாக இருக்க வேண்டும். பாம்பின் வயிறு நனைந்து கிடக்கக் கூடாது. தென்னை நார்த்தூளையும் சைப்ரஸ் மரச் சீவலையும் கலந்து 6 முதல் 8 செ.மீ. ஆழத்துக்குப் போட்டு, தண்ணீரை மேலே தெளிக்காமல் மூலையில் ஊற்றுங்கள். அடி ஈரமாக இருக்கும், மேல் இரண்டு செ.மீ. உலர்ந்திருக்கும். ஒரு கை அள்ளிப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், சொட்டக் கூடாது. மேற்பரப்பு எப்போதும் நசநசவென்று இருந்தால் வயிற்றுச் செதில்களின் ஓரம் பழுப்பாகி, பிறகு கொப்புளமாகும். அது செதில் அழுகலின் தொடக்கம். பைன், தேவதாரு வகைச் சீவல்களின் எண்ணெய் மூச்சுப் பாதையைக் கெடுக்கும். அவை வேண்டவே வேண்டாம்.

காற்றோட்டத்தை அடைத்து ஈரப்பதத்தைப் பிடிப்பது தவறான வழி. மேல்பக்கம் முழுக்க வலை உள்ள கூண்டில் முக்கால் பகுதியை மூடலாம், ஆனால் பக்கவாட்டுத் துளைகள் திறந்தே இருக்கட்டும். தேங்கிய ஈரக் காற்றில் மூக்கில் குமிழியும் வாயில் கோழையும் வரும். அப்படி வந்தால் ஊர்வன மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் போவதைத் தவிர வேறு வழியில்லை.

முள் உள்ள வட்ட ஈரமானிகளை நம்பாதீர்கள். டிஜிட்டல் மானியைக்கூடச் சோதித்துவிட்டே பயன்படுத்துங்கள். ஒரு பாட்டில் மூடியில் உப்பைப் போட்டு, சேறு போல ஆகும் அளவுக்கு மட்டும் நீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். 69 காட்டினால் அந்த மானிக்கு எப்போதும் 6 கூட்டிக்கொள்ளுங்கள்.

*

வெப்பத்தையும் இதோடு சேர்த்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்ற போவாக்களை வளர்த்துப் பழகியவர்கள் இதில்தான் தடுமாறுகிறார்கள். வானவில் போவா சூட்டைத் தாங்காது. குளிர்ந்த பக்கம் 24, சூடான பக்கம் 28 முதல் 29 டிகிரி செல்சியஸ் போதும். இரவில் 22 வரை இறங்கினாலும் கவலையில்லை. 32-ஐத் தாண்டி நீடித்தால் தின்றதைக் கக்கும், தண்ணீர்த் தொட்டியிலேயே கிடக்கும், அதற்கும் மேலே போனால் உயிருக்கே ஆபத்து. தெர்மோஸ்டாட் (சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் கருவி) இல்லாத வெப்பத் தகட்டை இந்தக் கூண்டில் வைக்கவே கூடாது. அதன் உணர்முனையைச் சூடான பதுங்கிடத்தின் தரையோடு ஒட்டிப் பொருத்துங்கள்; தொங்கவிட்டால் காற்றின் வெப்பத்தைப் பார்த்துவிட்டு அடித்தகட்டைக் கூடுதலாகச் சூடேற்றும். ஈரமான கூண்டில் உணர்முனை தண்ணீரில் விழுந்தாலும் இதேதான் நடக்கும். கம்பியை இரண்டு இடத்தில் பிடிப்பு போட்டு நிறுத்துங்கள்.

கக்கிவிட்டால் உடனே மறுபடி ஊட்டாதீர்கள். இரண்டு வாரமாவது விட்டு, வழக்கத்தில் பாதி அளவு இரை கொடுங்கள். பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: இரை பெரிதாக இருந்திருக்கும், அல்லது தின்ற மறுநாளே எடுத்துக் கையாண்டிருப்பார்கள். இரையின் பருமன் பாம்பின் நடுவுடல் பருமனைத் தாண்ட வேண்டாம். குட்டிக்கு வாரம் ஒன்று, வளர்ந்ததற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒன்று.

*

சட்டை உரிக்கும் சுழற்சிதான் படமெடுப்பவரின் நாட்காட்டி. உரிக்கும் முன் பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையே திரவம் சேர்ந்து கண் பால் போலாகும், உடல் மங்கிச் சாம்பல் பூத்திருக்கும். அந்த நாட்களில் பார்வை குறைவு, எரிச்சல் அதிகம், கடிக்கவும் வரும், எடுக்காதீர்கள். பிறகு கண் திடீரெனத் தெளியும். பலர் உரித்துவிட்டது என்று நினைத்து அப்போது கேமராவை எடுப்பார்கள். இல்லை, இன்னும் சில நாள் இருக்கிறது. உரித்த மறுநாள் தொடங்கி ஒரு வாரம் வரைதான் நிறம் உச்சத்தில் நிற்கும்.

சட்டை தலை முதல் வால் நுனி வரை ஒரே துண்டாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். கிழிந்து துண்டு துண்டாக வந்தால் ஈரப்பதம் போதவில்லை என்று பொருள். தலைப்பகுதியைத் தனியே விரித்து, இரண்டு கண் மூடிகளும் அதில் இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் சோதியுங்கள். கண்ணிலேயே தங்கிவிட்டால் நகத்தாலோ இடுக்கியாலோ பிய்க்காதீர்கள். ஈர ஸ்பாக்னம் பாசி நிரப்பிய டப்பாவில் அடுத்த உரிப்பு வரை இடம் கொடுத்தால் பெரும்பாலும் சேர்ந்து வந்துவிடும். வரவில்லை என்றால் மருத்துவர். வால் நுனியில் வளையமாகத் தங்கும் தோலை மட்டும் உடனே நனைத்து நீக்க வேண்டும், இல்லையென்றால் ரத்த ஓட்டம் தடைபட்டு நுனி கருகும்.

இனி ஒளி. இந்தப் பாம்பில் ஒரே விதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: ஒற்றை ஒளி, ஒரு பக்கத்திலிருந்து. வானவில் நிறம் கோணத்தைப் பொறுத்தது. நான்கு பக்கமும் விளக்கு வைத்தால் எல்லாக் கோணத்து நிறமும் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து வெள்ளைப் படலமாகிவிடும். வெள்ளைக் கூடாரத்துக்குள் வைத்து எடுத்த படங்களில் பாம்பு மெழுகு பூசியது போல வருவது இதனால்தான். அதே சமயம், டிஃப்யூசர் (ஒளியைப் பரப்பி மென்மையாக்கும் திரை) இல்லாத பிளாஷ் ஒவ்வொரு செதிலிலும் ஒரு வெண்புள்ளியை எரித்துவிடும். நடுவழி எது? 20 முதல் 30 செ.மீ. அகல டிஃப்யூசரை பாம்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, சற்று மேலே, பக்கவாட்டில் வையுங்கள். நிறம் தெரியவில்லை என்றால் பிளாஷின் பலத்தைக் கூட்டாதீர்கள். விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்பக்கம் நகர்த்துங்கள். ஒரு கட்டத்தில் முதுகு முழுக்க நீலம் விரியும். கையில் ஒரு சின்ன டார்ச் வைத்துக்கொண்டு முதலில் அந்தக் கோணத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அதே இடத்தில் பிளாஷை நிறுத்துவது நேரத்தை மிச்சமாக்கும்.

போலரைசர் ஃபில்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். அது வெட்டுவது மேற்பரப்பிலிருந்து தெறிக்கும் ஒளியை. நமக்கு வேண்டியதும் அந்த ஒளிதான்.

அமைப்புகள்: 90 அல்லது 100 மி.மீ. மேக்ரோ லென்ஸ் (சிறியதைப் பெரிதாக எடுப்பது), ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/160, அபர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8 முதல் எஃப் 11. எஃப் 16-ஐத் தாண்டினால் செதில் ஓரங்கள் மழுங்கும். அறையின் ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். அதன் வெளிச்சம் கலந்தால் நிழல் பகுதி வேறு நிறத்தில் நிற்கும். ரா கோப்பாகவே (கேமரா திருத்தாத மூலப் பதிவு) எடுங்கள். ஹிஸ்டோகிராமில் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) மொத்த வெளிச்சத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவீர்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே பாருங்கள். மொத்த வரைபடம் சரியாகத் தெரிந்தாலும் ஆரஞ்சுத் திட்டுகளில் சிவப்பு மட்டும் தனியாக எரிந்து போயிருக்கும், திருத்தத்தில் அது திரும்பாது. முக்கால் ஸ்டாப் (கேமராவின் வெளிச்ச அளவுப் படி) குறைவாக எடுப்பது பாதுகாப்பு.

*

மேலே ஒளி பற்றி எழுதிய நண்பரின் குறிப்போடு என் பங்குக்கு ஒரு சேர்ப்பு. பாம்பு அசையாமல் இருந்தால்தானே இத்தனையும்? தட்டிக்கொடுத்தும் திரும்பத் திரும்ப இழுத்து வைத்தும் அடக்கப் பார்ப்பவர்கள் அதை இன்னும் மிரட்டுகிறார்கள். மேடையில் வைத்து, மேலே ஒளி புகாத கிண்ணத்தைக் கவிழ்த்து, மூன்று நிமிடம் விடுங்கள். இருட்டில் சுருண்டு அடங்கும். ஃபோகஸ், பிளாஷ் எல்லாம் தயாரான பிறகு கிண்ணத்தை நேர் மேலாக எடுங்கள். பத்து இருபது வினாடி கிடைக்கும், அதற்குள் நான்கைந்து படம் எடுக்கலாம். நாக்கு மெதுவாக நீண்டு வருவது ஆர்வம். கழுத்து 'எஸ்' வடிவில் மடிந்து தலை பின்னுக்குப் போனால் அடுத்தது கடிதான். உதட்டோரம் வெப்பம் உணரும் குழிகள் உண்டு, அதனால் குட்டிகள் குறிவைப்பது பெரும்பாலும் லென்ஸைத் தாங்கும் உங்கள் சூடான விரலை. நீண்ட குவியத் தூரமுள்ள லென்ஸைச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஒரு பாம்புக்குப் பத்து, பதினைந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். உலர்ந்த அறையில் அதற்கு மேல் வைத்திருப்பது நியாயமில்லை. இரை தின்று ஐந்து நாள் கழிந்திருக்க வேண்டும். ஒன்றரை மீட்டர் தாண்டியவற்றுக்கு இரண்டு ஆள் தேவை, ஒருவர் பாம்பை மட்டும் பார்க்க வேண்டும். இரவில் நடமாடும் இனம் என்பதால் மாலையில் எடுத்தால் தலை தூக்கி நிற்கும், பகலில் எடுத்தால் சுருண்ட நிலை கிடைக்கும். எது வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கருப்பு வெல்வெட் பின்னணி அழகுதான், ஆனால் ஈரக் கூண்டிலிருந்து வந்த பாம்பின் மேல் அதன் இழைகள் ஒட்டும், பெரிதாக்கினால் எல்லாம் தெரியும். கருஞ்சாம்பல் நிற மேட் அக்ரிலிக் தாள் துடைக்க எளிது. மேடைக்கு வரும் முன் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சு போன்ற துணியால் தலையிலிருந்து வாலை நோக்கி மட்டும் துடைத்து நார்த்தூளை எடுங்கள். எதிர்த் திசையில் துடைத்தால் தூள் செதிலுக்கு அடியில் போய்ச் சிக்கும். ஜொலிப்பு கூட்ட எண்ணெய் தடவுவதைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எண்ணெய்ப் படலம் அந்த நுண்ணமைப்பை மூடி நிறத்தைக் குறைக்கும், போதாததற்குத் தூசியையும் இழுத்து வைக்கும்.

*

பத்து, பதினைந்து பாம்பு வைத்திருப்பவர்கள் அழகுப் படத்தையும் பதிவுப் படத்தையும் கலக்கக் கூடாது. அழகுப் படத்தில் கோணம் மாறினால் நிறம் மாறும். அதை வைத்து இரண்டு பாம்புகளையோ ஒரே பாம்பின் இரண்டு வயதையோ ஒப்பிட முடியாது. பதிவுப் படத்துக்கு மேகமூட்டமான நாளின் சன்னல் வெளிச்சம் போன்ற பரவலான ஒளி, நிறத்தைச் சரிபார்க்கச் சாம்பல் அட்டை, பக்கத்தில் ஓர் அளவுகோல். போலரைசர் இங்கேதான் உதவும்: ஜொலிப்பை நீக்கி நிறமியை மட்டும் காட்டும். ஐந்து கோணம் போதும்: முதுகு, இடது பக்கம், வலது பக்கம், தலையின் மேற்புறம், வயிறு. முதுகு வளையங்கள் எங்கே ஒன்றோடொன்று இணைகின்றன, பக்கவாட்டுக் கரும்புள்ளிகளின் மேல் உள்ள பிறை எப்படி நிற்கிறது என்பது ஒவ்வொன்றுக்கும் தனி. அடையாளத்துக்கு அதைவிட நம்பகமானது வேறில்லை. கோப்புப் பெயரில் பாம்பு எண், தேதி, கோணம் வரட்டும். எடையையும் கடைசியாகச் சட்டை உரித்த தேதியையும் குறிப்பில் சேருங்கள்.

இனத்தைப் பெயரிடும்போது கவனம். முன்பு துணையினங்களாக எண்ணப்பட்டவை 2008-இல் வந்த மறுஆய்வுக்குப் பிறகு எபிக்ரேட்டஸ் என்ற பேரினத்தின் ஐந்து தனி இனங்களாக ஏற்கப்படுகின்றன: சென்க்ரியா, மாரஸ், அல்வரேஸி, க்ராஸஸ், அஸிஸி. பிரேசில் போவா என்று விற்பதெல்லாம் சென்க்ரியா. கொலம்பிய வானவில் போவா மாரஸ். மாரஸ் குட்டியில் வளையங்கள் தெளிவாக இருக்கும், வளர வளர மங்கி ஒரே பழுப்பாகும். வளர்ப்பைப் பழிக்க வேண்டாம், அதன் இயல்பு அது. ஈரப்பதமும் அதற்கு 60 முதல் 70 போதும். ஜொலிப்பு மட்டும் குறையாது. வளையம் மங்கிய மாரஸின் பழுப்பு முதுகில் நீலம் தடையில்லாமல் ஓடுவது எனக்கு சென்க்ரியாவைவிடப் பிடித்திருக்கிறது. இரண்டையும் கலந்து பிறந்த குட்டிகளும் கைமாறுகின்றன. பெற்றோரின் படம் இல்லாமல் வருவதற்குத் தூய இனப் பெயர் எழுதாதீர்கள். வானவில் போவாக்கள் சைட்ஸ் (காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு) ஒப்பந்தத்தின் இரண்டாம் இணைப்பில் வருவதால் நாடு விட்டு நாடு போகும்போது ஆவணம் தேவை. அந்த ஆவணத்தோடு குட்டிப் பருவப் பதிவுப் படமும் சேர்ந்திருந்தால் பின்னாளில் எது எது என்ற குழப்பம் வராது.

*

ஒன்று விடுபட்டிருக்கிறது. படமெடுக்கும் மேடைதான் திரட்டில் உள்ள எல்லாப் பாம்பும் தொடும் ஒரே இடம். உண்ணி பரவ அதைவிட வசதியான பாலம் கிடையாது. புதிதாக வந்த பாம்பு 90 நாள் தனி அறையில், தனி இடுக்கி, தனித் தண்ணீர்த் தொட்டியோடு இருக்க வேண்டும். அந்த நாட்களில் மேடைக்கு வரக் கூடாது. பதிவுப் படத்தை அதன் அறையிலேயே, துடைக்கக்கூடிய தாளின் மேல் எடுங்கள். எடுக்கும் வரிசையும் முக்கியம்: நீண்ட நாள் நலமாக இருப்பவை முதலில், சந்தேகத்துக்குரியவை கடைசியில், புதியவை வேறு நாளில்.

மரக்கிளை, பாசி, கல் எல்லாவற்றையும் அடுத்த பாம்புக்கு அப்படியே கொடுக்காதீர்கள். கல்லைக் கொதிநீரில் போடலாம். கிளையை 100 டிகிரிக்குச் சற்று மேல் சூட்டில் ஒரு மணி நேரம் ஓவனில் வைக்கலாம், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு. பாசி ஒரு முறைக்குத்தான். அக்ரிலிக் தாளை ஒவ்வொரு பாம்புக்கும் இடையே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிக் கரைசலால் துடைத்து, பத்து நிமிடம் ஈரமாக விட்டு, பிறகு உலர்த்துங்கள். உண்ணி கண் ஓரத்திலும் தாடைக்கு அடியிலும் கருமிளகுத் தூள் போலத் தெரியும். மேக்ரோ படத்தைக் கணினியில் நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி அந்த இரண்டு இடத்தையும் முதலில் பாருங்கள். நிறத் திருத்தம் பிறகு.